பார்க்கலாம், அழிக்கலாம்

கமாண்டை அடித்து என்டரைத் தட்டியதும் கருப்புத் திரை கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றது. அது யோசிக்கவில்லை, மும்பையில் இருக்கிற சர்வர் வரைக்கும் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்பது பரஞ்சோதிக்குத் தெரியும். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதே தொழில்தான், இருந்தாலும் என்டருக்கும் பதிலுக்கும் நடுவில் வருகிற அந்த இடைவெளி பரீட்சை ரிசல்ட் பார்க்க நிற்கிற மாதிரிதான். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. மூன்றாம் மாடியில் பான்ட்ரியை ஒட்டின இருக்கை அவருடையது. அவருடையது என்பதுகூட இன்று சாயங்காலம் வரைக்கும்தான், ஏனென்றால் பெஞ்சில் இருப்பவர்களுக்குச் சொந்த இடம் கிடையாது, தினமும் காலையில் ஃபோனில் புக் பண்ணிக்கொள்ள வேண்டும், தாமதமாகக் கண் விழித்தால் பான்ட்ரிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும், காபி மெஷின் உறுமுகிற ஒவ்வொரு முறையும் மேஜை நடுங்கும். புராஜெக்ட் எதுவும் இல்லாமல், எந்த டீமிலும் சேராமல், யாராவது கூப்பிடுவார்களா என்று சம்பளத்தோடு காத்திருப்பதற்குத்தான் இந்தத் தொழிலில் பெஞ்ச் என்று பெயர். உட்கார்ந்திருப்பது என்னவோ நல்ல சக்கர நாற்காலியில்தான். பெஞ்சுக்கு வந்த புதிதில் இதை ஒரு ஜோக்காக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சொல்வதில்லை. இரண்டு மாதமாகப் பெஞ்சில் இருப்பவன் ஜோக் சொன்னால் எதிராளிக்குச் சிரிப்பதா ஆறுதல் சொல்வதா என்று புரியாமல் போய்விடுகிறது, பாவம், அவர்களையும் கஷ்டப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டார்.

பதில் வந்தது. வரிசை வரிசையாக வால்யூம்கள். கிளவுட் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, மேகமும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு பெரிய கட்டடத்துக்குள் ஏசிக் குளிரில் அடுக்கி வைத்த டிஸ்குகள், அதில் நாம் வாடகைக்கு எடுத்துக்கொண்ட துண்டுக்குத்தான் வால்யூம் என்று பெயர். ஒவ்வொரு வரியிலும் ஒரு நீளமான எண், அதற்குப் பக்கத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை. ஓகே. ஓகே. ஓகே. ஓகே. மேலிருந்து கீழே வரை ஓகே. கெட்டுப்போயிருந்தால் வேறு வார்த்தை வரும், இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றால் அதற்கும் ஒரு வார்த்தை உண்டு. இன்றைக்கு எல்லாம் சுகம். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அதுவாகவே தன்னைச் சோதித்துக்கொள்கிறது, படிக்க முடிகிறதா, எழுத முடிகிறதா, அவ்வளவுதான் கேள்வி. உள்ளே என்ன இருக்கிறது, யாருடையது, யாருக்காவது வேண்டியிருக்கிறதா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. போன மாதம் அவரும் இப்படித்தான் ஒரு சோதனைக்குப் போய் வந்தார். கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கும்போதே மாஸ்டர் ஹெல்த் செக்கப்பை முடித்துவிடுங்கள் என்று தமயந்திதான் நச்சரித்து அனுப்பினாள், இருக்கும்போதே என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்து, ஓடச் சொன்ன இடத்தில் ஓடி, மூச்சை இழுக்கச் சொன்ன இடத்தில் இழுத்து, கடைசியில் டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல், ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க உடம்ப, என்ன பண்றீங்க என்று கேட்டார். உணவுக் கட்டுப்பாட்டைத்தான் கேட்டிருப்பார். பரஞ்சோதி வாயிலிருந்து, சும்மாதான் இருக்கேன் டாக்டர் என்று வந்துவிட்டது. டாக்டர் சிரித்தார். இவரும் சிரித்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போது தாங்க முடியவில்லை, அழுகை வந்துவிடுமோ என்று பயந்து வெளியே தொங்குகிற போர்டுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே வந்தார்.

சுகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி, அதுதான் இன்றைய வேலை. ஏதாவது ஒரு மெஷினோடு சேர்ந்திருக்கிற வால்யூமுக்கு இன்-யூஸ் என்று போடும். எதோடும் சேராமல் தனியாகக் கிடந்தால் அவெய்லபிள். புதிதாக வந்த பையன்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள், அவெய்லபிள் என்று பார்த்ததும் நல்லதுதானே, தயாராக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். யாரும் சீந்தவில்லை என்பதைத்தான் மெஷின் அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது. கம்பெனியின் இன்னொரு பக்கத்தில், ஆட்களின் பட்டியல் இருக்கிற இடத்தில், பரஞ்சோதியின் பெயருக்கு எதிரே பச்சை நிறத்தில் இதே வார்த்தைதான் இருக்கிறது. முதலில் ஒரு வாரம் அதைப் பார்ப்பதற்கென்றே தினம் அந்தப் பக்கத்தைத் திறந்தார். நிறம் மாறியிருக்குமோ என்று ஒரு நப்பாசை. பிறகு அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை, ஆனால் திறக்காமல் இருப்பதால் நிறம் மறந்துவிடுகிறதா என்ன. சரி, இதெல்லாம் எதற்கு, வேலையைப் பார்ப்போம். பிரதீபா சொன்ன வேலை எளிதானது. பிரதீபா இந்த டீமின் மேனேஜர், கோயம்புத்தூர்ப் பெண், அவரைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள், நல்ல மாதிரி. நேற்று சாயங்காலம் லிஃப்ட் வாசலில் நிறுத்திச் சொன்னாள்: “சார், எங்க டீம்ல ஒரு இடம் இருக்குதுங்க. உங்களைக் கேக்கலாம்னு இருக்கேன். நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு சடகோபன் சாரோட ஆன்லைன் மீட்டிங். அதுக்குள்ள சும்மா கிடக்கிற வால்யூமையெல்லாம் செக் பண்ணி எடுத்துட்டு ரிப்போர்ட் குடுத்துடுங்க. பாக்கி ஜீரோன்னு காட்டினா, இதை யார் பண்ணாங்கன்னு அவரே கேப்பாரு. அப்ப உங்க பேரைச் சொல்றேன்.” சடகோபன் என்பவர் டெலிவரி ஹெட், யார் இருக்கலாம் யார் போகலாம் என்று கடைசியாகத் தலையாட்டுகிறவர். பரஞ்சோதி இரவெல்லாம் அந்த ஜீரோவையே நினைத்துக்கொண்டிருந்தார்.

அழிப்பது அவருக்குப் புதிதில்லை. கமாண்டை அடித்து, வால்யூம் எண்ணை ஒட்டி, என்டர். அது, நிச்சயமாகவா என்று கேட்காது. அழித்துவிட்டேன் என்றும் சொல்லாது. ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரியில் வந்து நிற்கும், ஒன்றும் சொல்லவில்லை என்றால் காரியம் முடிந்தது என்று பொருள். ஒன்று போனது, இரண்டு போனது, டெஸ்ட் என்று பெயர் போட்டவை, யாரோ ஒருவருடைய முதல் எழுத்தும் தேதியும் போட்டவை, பழைய பதிப்பின் நகல் என்று வெளிப்படையாகவே எழுதியவை. ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் அதன் சுகத்தைக் கேட்டார். தேவையே இல்லை, எப்படியும் அழிக்கப் போவதுதான், ஆனாலும் கேட்டார், ஓகே என்று வந்தது, அழித்தார். இது என்ன பழக்கம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். நடுவில் தமயந்தியின் ஃபோன். வேளச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் அவள், கூட்டம் குறைகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். “என்னங்க, எப்படிப் போகுது?” “போகுது. பாதிக்கு மேல முடிச்சிட்டேன்.” “அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லுச்சா?” “பன்னெண்டு மணிக்கு மேலதான் தெரியும்.” “சரி, பதட்டப்படாதீங்க. இங்க ஆள் வந்துட்டாங்க, வைக்கிறேன்.” ஃபோனை வைத்த பிறகும் அவள் குரல் கொஞ்ச நேரம் காதில் இருந்தது. பதட்டப்படாதீங்க என்று சொல்லும்போது அவள் குரல்தான் பதறியிருந்தது. இந்த இரண்டு மாதத்தில் அவள் ஒரு தடவைகூடக் குத்திக் காட்டிப் பேசியதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பழைய மாதிரி கேஸ் புக் பண்ண மறந்ததற்கு இரண்டு சத்தம் போட்டால்கூட நன்றாக இருக்கும். இப்போதெல்லாம் வீட்டில் அவரை எல்லோரும் காய்ச்சல்காரனை நடத்துகிற மாதிரி நடத்துகிறார்கள், பிளஸ் டூ படிக்கிற மகள்கூட டிவி ரிமோட்டைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறாள். வேலை கிடைத்துவிட்டால் இந்தக் கவனிப்பெல்லாம் நின்றுபோகும், திரும்பவும் மரியாதையாகச் சண்டை போடுவார்கள். ஒரு ஜீரோதான் வேண்டும். அடுத்ததை அழித்தார்.

கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. பெயர் இல்லை. யாருடையது என்று எழுத வேண்டிய இடம் காலி. சுகம் கேட்டார், ஓகே. இது எதிலிருந்து பிறந்தது என்று கேட்டார், ஒரு பழைய ஸ்னாப்ஷாட்டைக் காட்டியது, போன வருடம் நவம்பரில் எடுத்த நகல் அது. அந்த நகலுக்கு யாரோ இரண்டு வார்த்தையில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். மாஸ்டர் காப்பி. ஆமாம், காலையில் வால்யூம் பட்டியல் ஷீட்டை அனுப்பும்போது பிரதீபாவும் எழுதியிருந்தாளே, “மாஸ்டர் காப்பின்னு ஒண்ணு வரும் சார், ஸ்பெல்லிங் தப்பா இருக்கும், கண்டுக்காதீங்க, நிஜ மாஸ்டர் தனியா பத்திரமா இருக்கு, இது சும்மா டூப்ளிகேட், எடுத்துடுங்க” என்று. எண்ணைக் காப்பி பண்ணி, அழிக்கும் கமாண்டுக்குப் பின்னால் ஒட்டி, விரல் என்டருக்குப் போயாகிவிட்டது. ஸ்பெல்லிங் தப்பு என்றால் எப்படித் தப்பு என்று ஒரு கேள்வி, அதுவும் ஒன்றும் பெரிய கேள்வியில்லை, பஸ்ஸில் போகும்போது சுவரில் எழுதியிருப்பதைத் திரும்பிப் படிக்கிற மாதிரி ஒரு கேள்வி. திரும்பிப் படித்தார். எம், யு, எஸ், டி. ஏ இருக்க வேண்டிய இடத்தில் யு. மஸ்டர் காப்பி. சரிதான், தப்புத்தான். மாஸ்டர் என்பது நமக்கு எவ்வளவு பழகின வார்த்தை, டீக்கடையில் மாஸ்டர், பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் மாஸ்டர், சட்டை அளவெடுக்கிறவர் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் பிகில் ஊதுகிறவர் மாஸ்டர், ஆஸ்பத்திரியில் செக்கப்புக்கும் மாஸ்டர், கண் எங்கே அதைப் பார்த்தாலும் பாதியிலேயே முடிவு கட்டிவிடும். என்டர். இல்லை, அழுத்தவில்லை. விரல் அங்கேயே இருந்தது. கீபோர்டைக் குனிந்து பார்த்தார். ஏ இருப்பது இந்தக் கோடியில், இடது கை சுண்டுவிரலுக்கு அடியில். யு இருப்பது அந்தப் பக்கம், வலது கை ஆள்காட்டி விரலுக்கு. கை தவறினால் பக்கத்து எழுத்து விழும், எஸ் விழும், க்யூ விழும். இங்கே இருக்கிற ஏ எப்படி அவ்வளவு தூரம் தாண்டிப்போய் யு ஆகும். எந்த விரலும் அப்படித் தவறாது. மாஸ்டர் என்று பத்துத் தடவை வேகமாக அடித்துப் பார்த்தார், விதவிதமாகத் தப்பு வந்தது, ஒன்றில்கூட யு வரவில்லை. எழுதினவன் யு என்று நினைத்துத்தான் யு அடித்திருக்கிறான்.

மஸ்டர். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எங்கேயோ கேட்ட வார்த்தை, நாக்குக்குத் தெரிந்திருக்கிறது, மண்டைக்குத்தான் வர மறுக்கிறது. காபி மெஷின் உறுமியது, மேஜை நடுங்கியது, அப்பா மஸ்டருக்குப் போகணும்டா என்றார். அப்பாதான். விழுப்புரம் கருவூலம். நெடுஞ்சாலைத் துறையில் ரிடையர் ஆன பிறகு வருடத்துக்கு ஒரு தடவை அங்கே போய் நிற்க வேண்டும், உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட. பென்ஷன் வாங்குகிற யாரும் அதை உயிர்ச் சான்று, நேர்காணல் என்றெல்லாம் வீட்டில் சொல்ல மாட்டார்கள், மஸ்டரிங் என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு நாள் அப்பா காலையிலேயே சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிவிடுவார். எதுக்குப்பா இவ்வளவு அலங்காரம் என்று கேட்டால், “ஆள் உசுரோட இருக்கேன்னு காட்டப் போறோம், பொணம் மாதிரியா போறது?” என்பார். கருவூலத்தில் வெயிலில் வரிசை நிற்கும், அவருடைய பழைய சிநேகிதர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், போன வருடம் வந்தவர்களில் யார் இந்த வருடம் இல்லை என்று வரிசையிலேயே கணக்குத் தெரிந்துவிடும், அதைப் பேசிச் சிரித்துக்கொண்டே நகர்வார்கள். மஞ்சள் காமாலை வந்த வருடம் அப்பாவால் போக முடியவில்லை. பென்ஷன் நின்றுவிட்டது. ஆள் கூடத்தில் கஞ்சி குடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், கருவூலத்தைப் பொறுத்தவரை இல்லை. பணத்துக்குக்கூட அப்பா அவ்வளவு கவலைப்படவில்லை, “என்னைக் கேக்காம எப்படிடா முடிவு பண்ணாங்க?” என்று அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பரஞ்சோதிக்கு அப்போது அது புரியவில்லை, ஃபார்ம் கொடுத்தால் சரியாகிவிடும்பா, சும்மா இருங்க என்று எரிந்து விழுந்தார். இப்போது புரிகிறது, மூன்றாம் மாடியில், பான்ட்ரி பக்கத்தில் உட்கார்ந்து.

இந்த டீமின் வாடிக்கையாளர்களில் ஒரு பென்ஷன் டிரஸ்ட் உண்டு. மூடிப்போன மில்களின் தொழிலாளிகளுக்கு மாதம் ஒரு தொகை போடுகிறவர்கள். பட்டியலில் அந்தப் பெயரை அவர் பார்த்திருக்கிறார். நவம்பரில் அவர்களுக்கு மஸ்டர் நடந்தால், அந்த ஒரு மாதம் மட்டும் இந்த வால்யூமை ஒரு மெஷினோடு சேர்த்து, வேலை முடிந்ததும் கழற்றிவிட்டிருப்பார்கள், மற்ற பதினோரு மாதமும் அது அவெய்லபிள் என்றுதான் கிடக்கும். யார் வந்து முகத்தைக் காட்டினார்கள், யார் இருக்கிறார்கள் என்பது இதற்குள் மட்டும்தான் இருக்கிறதென்றால், இதை அழித்ததும் அப்பாவுக்கு ஆன மாதிரி அவர்கள் பென்ஷனும் நின்றுபோகும். என்றால்தான். அப்படி இல்லாமலும் இருக்கலாம். கிறுக்குத்தனமாக ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோமோ. அந்த நகலை எடுத்தவர் என்று காட்டுகிற பெயர் மார்ட்டின், இந்த டீமில் இருந்தவன், கனடாவுக்குப் போய் ஆறு மாதமாகிறது, அவனுக்கு ஸ்பெல்லிங்கே வராமல் இருந்திருக்கலாம். இந்த வால்யூம் சமீபத்தில் எதோடாவது சேர்ந்ததா என்று கேட்டுப் பார்த்தார், மூன்று மாதத்துக்கு மேல் பழைய கதை அந்த இடத்தில் இருக்காது, மூன்று மாதத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. இது ஜூன் மாதம். ஒன்றும் இல்லைதான் வரும். உள்ளே திறந்து பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது, ஒரு மெஷினோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், அதற்கு அவருக்கு அனுமதி இல்லை. சரி, ஒரு நகலாவது எடுத்து வைத்துக்கொண்டு அழிக்கலாம், அதற்கும் இல்லை. நவம்பரில் எடுத்த நகல் இருக்கிறதே என்றால், மஸ்டர் தொடங்கும் முன் எடுத்ததா முடிந்த பின்பா, யாருக்குத் தெரியும். புது அனுமதி கேட்டால் செக்யூரிட்டி டீமிலிருந்து வர இரண்டு நாளாகும். பெஞ்சில் இருக்கிறவனுக்கு இந்தக் கம்பெனி கொடுத்திருப்பது இரண்டே அனுமதி. பார்க்கலாம், அழிக்கலாம். நடுவில் எதுவும் கிடையாது. மணி பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது.

அழித்துவிட்டால் என்ன. பிரதீபாவே எடுக்கச் சொல்லிவிட்டாள், எழுத்தில்கூட இருக்கிறது, நாளைக்கு ஏதாவது ஆனால் சொன்னதைச் செய்தேன் என்று காட்டலாம். நவம்பர் வருவதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அதற்குள் யார் எங்கே இருப்பார்களோ. ஒரு எழுத்துக்காக, ஒரே ஒரு எழுத்துக்காக, தமயந்தியிடம் போய் என்ன சொல்வது, ஏ-க்குப் பதில் யு இருந்தது அதனால் வேலை போச்சு என்றா. அவள் புரிந்துகொள்வாள், அதுதான் பயம், புரிந்துகொண்டு தோசை ஊற்றித் தருவாள். நாற்பத்தேழு வயதில் வெளியே போனால் யார் எடுப்பார்கள். போன வாரம் ஒரு இன்டர்வியூவில் ஒரு சின்னப் பையன், சார் நீங்க எனக்கு சீனியர், உங்களை எப்படி நான் வேலை வாங்குறது என்று உண்மையாகவே கூச்சப்பட்டான். பயமாகத்தான் இருந்தது பரஞ்சோதிக்கு, மறைப்பானேன். சுகம் கேட்டார். ஓகே. இன்னொரு தடவை கேட்டார். ஓகே. நீ பாட்டுக்கு ஓகே ஓகே என்று சொல்லிக்கொண்டிரு, உன்னை இன்னும் கால் மணியில் தூக்கப் போகிறார்கள், அது தெரியுமா உனக்கு என்று மனசுக்குள் அதைத் திட்டினார். அது தெரியாமல்தான் எல்லோரும் ஓகே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மில்லில் வேலை பார்த்த எவரோ ஒருவர், முகம் தெரியாது, ஊர் தெரியாது, இந்த நேரத்தில் எங்கேயோ உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டிருப்பார், தன்னைப் பற்றி இங்கே ஒருவன் என்டர் மேல் விரலை வைத்துக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியாது. அப்படி ஒருவர் இல்லாமலும் இருக்கலாம். இதற்கு மேல் தனியாக யோசிக்க முடியாது என்று பிரதீபாவைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்க சார், முடிஞ்சுதுங்களா?” அவள் பின்னால் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். “ஒண்ணு நிக்குது பிரதீபா. அந்த மாஸ்டர் காப்பி.” “அதான் எடுத்துடலாம்னு சொன்னேனே சார்.” “அது மாஸ்டர் இல்லன்னு நினைக்கிறேன். மஸ்டர். பென்ஷன்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவ உயிரோட இருக்கோம்னு வந்து காட்டுவாங்கல்ல, அந்த மஸ்டர். நம்ம டிரஸ்ட் கிளையன்ட்டோடதா இருக்கலாம்.”  “ஷீட்ல மாஸ்டர்னுதானே சார் இருக்கு.” “ஷீட்ல யாரோ திருத்தியிருக்காங்க. ஒரிஜினல்ல யு-தான்.” “டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும் சார்.” “ஏ-வும் யு-வும் கீபோர்டுல வேற வேற பக்கம். எப்படித் தவறும்?” அவள் கீபோர்டைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உள்ள பாத்தீங்களா சார்?” என்றாள். “பாக்க எனக்குப் பர்மிஷன் இல்ல. உங்களுக்கு?” “எனக்கும் இல்லைங்க. கேட்டா ரெண்டு நாளாகும்.” “அப்ப உள்ள என்ன இருக்குன்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது.” “தெரியாதுதான்.” மூச்சை விட்டாள். “சார், நான் ஒளிச்சுப் பேசல. இந்த க்வார்ட்டர்ல நம்ம ஃப்ளோர்ல இருக்கிற எல்லா டீமும் ஜீரோ காட்டிட்டாங்க. சடகோபன் சார் அதை ஒண்ணுதான் பாக்குறாரு. நான் ஸ்லைடுல ஜீரோன்னு போட்டு நேத்தே அனுப்பிட்டேன். ஒண்ணுன்னு போய் நின்னா, பெஞ்ச்ல இருந்து ஆள் வேணும்னு கேக்க எனக்கு வாய் வராதுங்க.” “புரியுது.” “எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல சார். எடுங்கன்னு இப்ப என்னால சொல்ல முடியல. விடுங்கன்னும் சொல்ல முடியல. இன்வைட்ல உங்களையும் சேக்குறேன், மீட்டிங்ல வாங்க. கேட்டா பாத்துக்கலாம்.” வைத்துவிட்டாள். நல்ல பெண்தான், பந்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள், ஆனால் பிடுங்கிக்கொண்டு எறியவில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். இந்தக் கம்பெனியில் யாரும் கேமரா போட்டுக்கொண்டு பேசுவதில்லை, திரை முழுக்க வட்ட வட்டமாகப் பெயரின் முதலெழுத்துகள், பேசுகிறவரின் வட்டம் மட்டும் லேசாக மின்னும். சடகோபன் வேறு யாரிடமோ பேசிக்கொண்டே வந்தார், அவசரமான குரல், ஒவ்வொரு டீமாகக் கேட்டுக்கொண்டே போனார், ஒவ்வொருவரும் தங்கள் எண்ணைச் சொன்னார்கள், அவர் குட் என்றார், அடுத்தது என்றார். பரஞ்சோதிக்குக் காது அங்கே இருந்தது, கண் கருப்புத் திரையில் இருந்தது. அழிக்கும் கமாண்ட் அப்படியே நின்றது, முழுதாக, எண்ணோடு. இப்போது தட்டினால்கூடப் போதும். சத்தம் வராது. பிரதீபாவின் ஸ்லைடு பொய்யாகாது. தட்டிவிட்டு, ஆமா சார், ஜீரோ என்று சொன்னால் அது அந்த நொடியில் உண்மையாகவே இருக்கும், உண்மையைப் பேசினவன் என்ற திருப்தியும் மிச்சம். தமயந்திக்கு ஃபோன் பண்ணலாம். மகள் ரிமோட்டுக்குச் சண்டை போடுவாள். விரல் என்டரின் மேல் படிந்தது, அழுத்தவில்லை, படிந்தது, அந்தச் சின்னப் பிளாஸ்டிக் சூடாகிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, அவ்வளவுதானே, தெரியாது என்று சொல்வதற்கு இத்தனை வருட அனுபவம் எதற்கு, தெரியாததை அழிக்காமல் இருப்பதற்குத்தான் அனுபவம், ஐயோ இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள். “பிரதீபா டீம்,” என்றார் சடகோபன். “சும்மா கிடக்கிற வால்யூம் பாக்கி எவ்வளவு? ஜீரோன்னு ஸ்லைடுல இருக்கு. கரெக்டா?”

பிரதீபாவின் வட்டம் மின்னவில்லை. 

“இல்ல சார். ஒண்ணு இருக்கு.”

தன் குரல்தான் என்று பரஞ்சோதிக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.  சடகோபன் மௌஸைக் கிளிக் பண்ணுகிற சத்தம் கேட்டது, பங்கேற்பாளர் பட்டியலைப் பார்க்கிறார் போல. “யாரு பேசுறது?” என்றார்.

பரஞ்சோதி விரலை என்டரிலிருந்து எடுத்து, கேமராவைப் போட்டார்.